பெர்த்தா பென்ஸின் பயணமும் ஒரு துண்டுத் தோலும்: கண்டுபிடிப்பாளர் கதையாடல் குறித்துச் சில குறிப்புகள்

மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு நமது பொது அறிவுப் புத்தகங்கள் ஒற்றை வரியில் பதில் வைத்திருக்கின்றன: கார்ல் பென்ஸ், ஜெர்மனி, 1886. சில புத்தகங்களில் 1885. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். இந்தப் பதில் தவறு என்று நிரூபிப்பது என் நோக்கமல்ல. இப்படி ஒரு கேள்வி கேட்கப்படுவதும், அதற்கு ஒரு ஆள், ஒரு நாடு, ஒரு தேதி என்று விடை சொல்லப்படுவதும் எப்படி இவ்வளவு இயல்பான காரியமாக ஆயின என்பதுதான் நான் பேச விரும்புவது. அதையும் எங்கோ பொதுவான ஓரிடத்தில் நின்று பேசப் போவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியும் அதன் பக்கங்களிலும் நீளும் தோல் வட்டாரத்தில் நின்று பேசுகிறேன். (2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு இந்த ஊர்கள் வெவ்வேறு மாவட்டங்களில் இருக்கின்றன. டேனரித் தண்ணீர் பழைய வழியிலேயே போகிறது.)

காருக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பெரும்பாலோர் 'சீட்டு' என்பார்கள். மோட்டார் வரலாறு எழுதுகிறவர்களும் அப்படித்தான். எஞ்சின், பற்றவைப்பு, கார்புரேட்டர் எல்லாம் முதல் அத்தியாயங்களில் வரும். தோல் கடைசியில், 'உள் அலங்காரம்' என்ற தலைப்பில் வரும். ஆனால் ஆரம்பகால வண்டிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. 1886 ஜனவரி 29 அன்று பென்ஸ் விண்ணப்பித்து 37435 என்ற எண்ணில் பெற்ற காப்புரிமைக்குரிய மூன்று சக்கர வண்டி, ஒரே சிலிண்டர், ஒரு குதிரைத் திறனுக்கும் குறைந்த சக்தி கொண்டது. அந்தச் சக்தி எஞ்சினிலிருந்து குறுக்குத் தண்டுக்குப் போனது ஒரு பெல்ட் வழியாக. அங்கிருந்துதான் சங்கிலிகள் மூலம் பின் சக்கரங்களுக்கு. பெல்ட் என்றால் அந்தக் காலத்தில் தோல்தான். ஆலைகளில் நீராவி எஞ்சினுக்கும் தறிக்கும் இடையில் ஓடியதும் தோல் பெல்ட்தான். பிறகு வந்த கார்களில், ஏறக்குறைய 1920 வரை, கூம்பு வடிவக் கிளட்ச் சர்வ சாதாரணம். அந்தக் கூம்பின் மேல் தோல் போர்த்தி, செப்பு ரிவெட்டுகளின் தலை தோலுக்குள் அமுங்கும்படி அடித்திருப்பார்கள். தோல் காய்ந்தால் கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும். எண்ணெய் கூடினால் வழுக்கும். டிரைவர் அதற்கு எண்ணெய் பூசிப் பராமரிக்க வேண்டும். எஞ்சினின் ஓட்டம் சக்கரத்துக்குப் போகுமா போகாதா என்பதைத் தீர்மானித்தது ஒரு மாட்டுத் தோல். இது 'அலங்காரம்' அல்ல.

இந்தப் பின்னணியில் ஒரு பிரபலமான கதையை மறுவாசிப்புச் செய்ய வேண்டும். 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், ஆய்கன், ரிச்சர்ட் என்ற தன் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியில் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதுவரை எவரும் இப்படி ஒரு வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. பென்ஸின் தொழிலுக்குத் தன் சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே போட்டவர் பெர்த்தா. வண்டி வாங்க ஆளில்லாமல் நின்றபோது அதை ஊரறியச் செய்தது இந்தப் பயணம்தான். வழியில் எரிபொருள் தீர்ந்து வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை போக்க விற்ற லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உரிந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றினார். சங்கிலிக்கு ஒரு கொல்லர் தேவைப்பட்டார். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்து நிற்காமல் போனபோது பௌஷ்லாட் என்ற கிராமத்தில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் போய்க் கட்டையின் மேல் தோல் அடித்து வாங்கினார்.

இதை இன்று சொல்லுகிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வீஸ்லோக் மருந்துக்கடை 'உலகின் முதல் பெட்ரோல் பங்க்' ஆகிவிட்டது. அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் வில்லி ஓக்கெல் என்று பெயரோடு வருகிறார். 2008இல் பெர்த்தாவின் பெயரில் ஒரு நினைவுப் பாதையே அறிவிக்கப்பட்டது. பிரேக்கில் அடித்த தோலுக்கு 'உலகின் முதல் பிரேக் லைனிங்' என்று பட்டம். அதைக் 'கண்டுபிடித்தவர்' பெர்த்தா பென்ஸ். செருப்புத் தொழிலாளி? 'ஒரு' செருப்புத் தொழிலாளி. அவ்வளவுதான்.

பெர்த்தாவை மீட்டெடுத்தது பெண்ணிய வாசிப்பின் நியாயமான வெற்றி. கார்ல் பென்ஸ் 1925இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு வைத்த தலைப்பே 'ஒரு ஜெர்மானியக் கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கைப் பயணம்' என்ற பொருளில்தான். 'ஜெர்மானிய', 'கண்டுபிடிப்பாளர்' என்ற இரண்டு சொற்களும் எவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன! அந்தத் தலைப்புக்குள் மனைவியின் பணமும் துணிச்சலும் துணைக்கதையாக அடங்கிப் போயின. அதை உடைத்து வெளியே கொண்டுவந்தது சரி. ஆனால் மீட்பு எந்த இடத்தில் நின்றது? சொன்னவர் பெர்த்தா, அடித்தவர் யாரோ. எனவே கண்டுபிடிப்பு சொன்னவருடையது. கருத்து ஒருவரிடம், கை இன்னொருவரிடம். கருத்துக்குப் பெயர் உண்டு, கைக்குப் பெயர் கிடையாது என்கிற பழைய பிரிவினை அப்படியே இருக்கிறது. ஆணின் இடத்தில் பெண் வந்திருக்கிறார், அமைப்பு அசையவில்லை.

இந்தப் பிரிவினையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். வேலூரில் குஷன் ஒர்க்ஸ் நடத்தும் ஒரு பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். இளவயதில் ஆம்பூர்ப் பக்கம் டேனரியில் இருந்தவர், பிறகு லாரி சீட்டு, ஆட்டோ டாப் என்று வந்துவிட்டார். கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "சரிப்பா, எந்தப் பக்கம் வெளிய வர்ற மாதிரி அடிச்சான் அந்தாளு? முடிப் பக்கமா, ஜவ்வுப் பக்கமா? அத எழுதி வச்சிக்கிறாங்களா?" எழுதி வைக்கவில்லை. "ஆணித் தலை உள்ள அமுங்கலைன்னா இரும்ப கீறிப்புடும். அட்டைத் தோலா, மேல் தோலா? மேல் தோலு அடிச்சிருந்தா ஒரு மைலுக்குத் தாங்காது. அந்தம்மா தோலு அடின்னுதான் சொல்லியிருப்பாங்க. மீதிய அவங்களுக்கு யாரு சொல்றது?"

யோசித்துப் பாருங்கள். தோலின் எந்தப் பகுதி, எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம் உரச வேண்டும், எத்தனை ஆணி, எவ்வளவு ஆழம் என்ற ஐந்தாறு முடிவுகளை அந்த பௌஷ்லாட் மனிதர் சில நிமிடங்களில் எடுத்திருக்கிறார். ஷூவின் அடித்தோல் தெருவோடு உரசி எப்படித் தேயும் என்பது அவருக்கு வாழ்நாள் பாடம். பிரேக் கட்டை இரும்போடு உரசுவது அந்தப் பாடத்தின் இன்னொரு பக்கம். அந்த அறிவு இல்லாமல் பெர்த்தாவின் 'கருத்து' அடுத்த இறக்கத்திலேயே கழன்று விழுந்திருக்கும். இங்கே கருத்து எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது?

தொழிலைப் பிரிப்பது வேறு, தொழிலாளர்களையே படிநிலையாகப் பிரித்து வைப்பது வேறு என்று அம்பேத்கர் 1936இல் சாதி பற்றிச் செய்த வேறுபாடு நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. கண்டுபிடிப்பாளர் கதையாடல் செய்வதும் இதுபோன்ற ஒரு படிநிலைதான். தலையால் செய்தது என்றும் கையால் செய்தது என்றும் வேலை பிரிக்கப்படவில்லை. தலையுள்ளவர் என்றும் கையுள்ளவர் என்றும் மனிதர்கள் பிரிக்கப்படுகிறார்கள். ஐரோப்பாவில் இது வர்க்கமாக வேலை செய்தது. நம்மிடம் வந்து சேரும்போது தயாராக ஒரு சாதிச் சட்டகம் காத்துக்கொண்டிருந்தது.

'முதல்' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையில் பழைய பூட்ஸ் தோலை வைத்து ஓட்டியதைக் கண்டு ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897 வாக்கில் பிரேக் உராய்வுப் பொருள் பற்றிய சோதனைகளைத் தொடங்கினார் என்பது அந்தக் கம்பெனியே பெருமையாகச் சொல்லும் தோற்றக் கதை. அவர் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு, மனைவி எலிசபெத்தின் 'ஈ'யையும் சேர்த்து வந்த பெயர் ஃபெரோடோ. பின்னால் 1908 வாக்கில் தோல், பருத்தி எல்லாம் போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது, அதனோடு ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் நுரையீரல் நோயும் வந்தது. நான் சுட்ட விரும்புவது வேறொன்று. வண்டிக்காரர்களின் பழைய பூட்ஸ் 'வழக்கம்' என்று எழுதப்படுகிறது. ஃப்ரூட் செய்தது 'கண்டுபிடிப்பு' என்று எழுதப்படுகிறது. பூட்ஸைக் கட்டையில் முதலில் வைத்தது யார் என்று எவரும் கேட்பதில்லை, அது இயற்கையில் விளைந்தது போல. இன்று நம் பக்கத்துச் சோளிங்கரிலேயே பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகும் பையன்களில் எத்தனை பேருக்குத் தங்கள் தாத்தாக்களின் பொருளோடு இந்த வரலாறு தொடங்கியது என்று சொல்லப்பட்டிருக்கும்?

மொழிபெயர்ப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. மேலே 'செருப்புத் தொழிலாளி' என்று எழுதினேன். ஜெர்மன் மொழியில் அது ஒரு தொழிலின் பெயர். குடும்பப் பெயராகவும் ஆயிற்று. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற மைக்கேல் ஷூமாக்கரின் பெயருக்குப் பொருள் செருப்புத் தைப்பவர் என்பதே. அந்தப் பெயர் எழுதிய தொப்பியை மாட்டிக்கொண்டு நம்மூர்ப் பையன்கள் பைக் ஓட்டிய காலம் உண்டு. அதற்கு நேரான பழைய தமிழ்ச் சொல் சாதிப் பெயர். எங்கள் பக்கம் அது வசைச் சொல்லாகவும் புழங்கியது. ஜெர்மன் கதையைத் தமிழில் சொல்ல உட்காரும் எழுத்தாளர் இந்த இடத்தில் தயங்கித் தயங்கி 'காலணி பழுதுபார்ப்பவர்' என்று எதையாவது போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நானும் அதே தயக்கத்தோடுதான் ஒரு சொல்லைத் தேர்ந்தேன். இந்தத் தயக்கமே ஒரு பிரதி. அதையும் வாசிக்க வேண்டும்.

பெயர் நீக்கம் எப்போதும் மறதியால் நடப்பதில்லை என்பதற்குச் சீக்ஃப்ரீட் மார்க்கஸின் கதை சாட்சி. வியன்னாவில் வேலை செய்த யூதப் பொறியாளர். 1870 வாக்கிலேயே ஒரு கைவண்டியில் எஞ்சினைப் பொருத்திப் பார்த்தவர். ஆஸ்திரியப் பள்ளிகளில் பெட்ரோல் காரின் தந்தை என்று கற்பிக்கப்பட்டவர். 1938இல் நாஜிகள் வியன்னாவுக்குள் வந்த பிறகு தொழில்நுட்பக் கல்லூரி முன்னிருந்த அவர் சிலை அகற்றப்பட்டது. 1940 ஜூலையில் பிரச்சார அமைச்சகம் டைம்லர்-பென்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியது: இனி கலைக்களஞ்சியங்களில் மோட்டார் வாகனத்தை உருவாக்கியவர்களாக மார்க்கஸ் குறிப்பிடப்படமாட்டார், டைம்லரும் பென்ஸுமே குறிப்பிடப்படுவர் என்று. நமது பொது அறிவுப் புத்தகத்தின் ஒற்றை வரி இந்தக் கடிதத்தால் மட்டுமே உருவானது என்று சொல்லிவிட முடியாது. பென்ஸின் உரிமைக்குக் காப்புரிமை ஆவணம் இருக்கிறது, உற்பத்தியும் இருக்கிறது. ஆனால் அந்த வரியின் நிம்மதிக்குப் பின்னால் இப்படி ஒரு அரசாணையும் உட்கார்ந்திருக்கிறது.

போருக்குப் பிறகு சிலை திரும்ப வந்தது. மார்க்கஸின் இரண்டாவது வண்டியை 1875 என்று கொண்டாடினார்கள். பிறகு நடந்த ஆய்வு அது 1888-89இல் மொராவியாவில் அடமோவ் ஆலையில் செய்யப்பட்டது என்று காட்டியது. பென்ஸுக்குப் பின்னால்! அநீதி இழைக்கப்பட்டவருக்காக வாதாடுகிறவர்களும் அதே 'முதல்' என்ற பந்தயத்தில் ஓடித் தேதியை முன்னே தள்ள வேண்டியதாயிற்று. மார்க்கஸை அழித்தது பாசிசம். அவருக்கு நியாயம் செய்ய அவர் 'முதல்' ஆளாக இருந்தாக வேண்டும் என்று கேட்டது யார்? இந்தக் கேள்வி விளிம்புநிலை வரலாறு எழுதுகிற நமக்கும் பொருந்தும். 'எங்கள் ஆள்தான் முதலில் செய்தான்' என்று நிரூபித்தால்தான் மரியாதை கிடைக்கும் என்பது எதிரியின் விதி.

காப்புரிமை என்ற வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பென்ஸ் பயன்படுத்திய நான்கு அடி எஞ்சின் முறைக்கு ஓட்டோ வைத்திருந்த காப்புரிமை அதே 1886இல் ஜெர்மனியில் ரத்தானது. பிரான்சில் போ த ரோஷா என்பவர் 1862இலேயே அதை ஒரு சிறு பிரசுரத்தில் எழுதியிருந்தார் என்பது காரணம். அமெரிக்காவில் ஜார்ஜ் செல்டன் என்ற வழக்கறிஞர் 1879இல் விண்ணப்பித்து, திருத்தங்கள் போட்டுப் போட்டு இழுத்தடித்து, 1895இல் காப்புரிமை வாங்கினார். ஒரு வண்டியும் விற்காமல், கார் செய்கிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பணம் வசூலித்த கூட்டமைப்பு ஒன்று உருவானது. ஃபோர்டு எதிர்த்து வழக்காடி 1911இல் தப்பினார். 'ஆசிரியர்' என்பது ஒரு ஆள் அல்ல, பிரதிகளை ஒழுங்குபடுத்தும் ஒரு செயல்பாடு என்று ஃபூக்கோ 1969இல் பேசியதை இலக்கியத்துக்கு மட்டுமே நாம் பொருத்திப் பழகிவிட்டோம். 'கண்டுபிடிப்பாளர்' என்பதும் அப்படி ஒரு செயல்பாடுதான். எது யாருக்குச் சொந்தம், யாரிடம் வசூலிக்கலாம் என்று ஒழுங்குபடுத்துகிறது. (தொழிலாளி கேட்கும் கேள்விகள் பற்றிய பிரெக்ட்டின் கவிதை எல்லோருக்கும் நினைவு வரும். அதைத் திருப்பிச் சொல்லி இந்தப் பக்கங்களை நிரப்பப் போவதில்லை.)

நம் பக்கம் வருவோம். தமிழில் இந்தக் கதையாடலுக்கு ஒரு தனி ரகம் உண்டு: 'புறக்கணிக்கப்பட்ட தமிழ் மேதை'. அதன் நாயகர் கோவை ஜி.டி. நாயுடு (1893-1974). ஒரு வெள்ளை அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டிய கதையை நாம் கேட்டிருக்கிறோம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் விட்டுத் தொடங்கியவர். 1952இல் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சிறு கார் செய்ததாகவும் அரசு அனுமதி தரவில்லை என்றும் சொல்லப்படுகிறது. அவருடைய திறமை பற்றி எனக்குச் சந்தேகமில்லை. பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொள்வது என்கிற அவருடைய முறை, மேலே சொன்ன பெரியவரின் முறைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் சுவரொட்டியில் வருகிற நாயுடு வேறு. அங்கே அவர் தனி ஆள், மேதை, அரசால் வஞ்சிக்கப்பட்ட தமிழன். பட்டறையில் அவரோடு நின்றவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். பிரித்துப் பார்க்க ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும் நிலை யாருக்கு வாய்த்தது, எந்தப் பட்டறையின் வாசலை எந்தச் சாதிப் பையன் தாண்ட முடிந்தது என்ற கேள்விகளும் கூடவே காணாமல் போகின்றன.

அதற்கு முன்பே, 1903இல், சென்னை சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் என்று குறிப்பிடப்படுவது அதுதான். 1905இல் அக்கம்பெனியின் நீராவி பஸ் பெஜவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே ஓடியது. சிம்ப்சன் 1840இல் தொடங்கிய கோச்சு வண்டிக் கம்பெனி. கோச்சு வண்டி என்றால் மரம், இரும்பு, தோல் மூன்றும்தான். அந்த மூன்று வேலைக்காரர்களின் கைகளிலிருந்துதான் மோட்டார் வண்டி இறங்கியது. கிரீனின் பெயர் எஞ்சியது. தச்சரும் கொல்லரும் தோல் தைத்தவரும் 'சிம்ப்சன்' என்ற ஒரு பெயருக்குள் போனார்கள்.

அதே 1903இல் சென்னையில் நடந்த இன்னொரு காரியம் இந்த வட்டாரத்தின் தலைவிதியை மாற்றியது. பொறியியல் பேராசிரியர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளை ஆரம்பித்தார். அதுவரை நம் பக்கம் ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, கடுக்காய்தான். அந்தப் பட்டைத் தோல்தான் 'கிழக்கிந்தியக் கிப்ஸ்' என்ற பெயரில் லண்டன் ஏலத்துக்குப் போனது. ஆவாரம் பட்டையை எந்தப் பதத்தில் இடிப்பது, எத்தனை நாள் ஊற வைப்பது, குழியிலிருந்து குழிக்கு எப்போது மாற்றுவது என்று கண்டுபிடித்தவர் பெயர் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் கேட்கப்படாது. அது 'பாரம்பரியம்'. பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் பெயர் தேட வேண்டியதில்லை. குரோம் பதனீட்டுக்கு மட்டும் அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் (1884) என்ற பெயரும் காப்புரிமையும் உண்டு.

சாட்டர்டனிடம் ஒரு வேடிக்கை இருக்கிறது. குரோம் தோலுக்கு அவர் யோசித்த உபயோகங்களில் ஒன்று கவலை இறைக்கும் தோல். தண்ணீரில் ஊறினாலும் அழுகாது என்பதால். அதே பத்தாண்டில், அதே சாட்டர்டன்தான், கவலைக்குப் பதிலாக ஆயில் எஞ்சின் பம்பைக் கிணற்றில் வைக்கச் சொல்லி மாகாணம் முழுக்கப் பிரச்சாரம் செய்தார். பென்ஸ் வண்டியில் ஏறிய உள்ளெரி எஞ்சினின் உறவினர்தான் நம் பக்கம் கிணற்றடிக்கு வந்த இந்த எஞ்சின். கவலைத் தோல் தைத்துக் கொடுத்துக் களத்தில் நெல் வாங்கிய குடும்பங்களுக்கு எஞ்சின் என்ற சொல் முதலில் வந்தது இந்த உருவத்தில். ஊர் வேலை போனது. கூடவே ஊர் வேலையின் கட்டாயமும் தளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டேனரியில் கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையாரின் முன் கைகட்டி நிற்க வேண்டியிராத ஒரு வேலை. முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள், சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள் பெரும்பாலும் தலித்துகள். இந்த உறவை வெறும் சுரண்டல் என்றோ வெறும் விடுதலை என்றோ எழுதுகிற கட்டுரைகள் இரண்டையும் நான் படித்துவிட்டேன். குழியில் நின்றவர்களிடம் கேட்டால் "ரெண்டும்தான்" என்கிறார்கள்.

1910இல் இந்திய அமைச்சர் மார்லி, அரசு இப்படித் தொழிற்சாலை நடத்தக் கூடாது என்று தடுத்தார். சாட்டர்டனின் திட்டம் முடங்கியது. குரோம் முடங்கவில்லை. பல்லாவரத்தை ஒட்டி வந்த குரோம் லெதர் கம்பெனியால் ஒரு ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. பிற்பாடு இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் குரோம் உப்புகளை உற்பத்தி செய்தது. 1995இல் அது மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்தவெளியில் விடப்பட்டிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதைப் பதிவு செய்தது. மாசுபடுத்துகிறவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது இந்த வழக்கில்தான். ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்து முதல் தீர்ப்பு எவ்வளவு தூரம் நடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். சட்டக் கல்லூரிகளில் 'வேலூர் வழக்கு' பாடம். வேலூரின் பெயரும் இப்படித்தான் உலகப் புத்தகங்களில் ஏறியது.

இவ்வளவு சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அப்ப பென்ஸ் ஒண்ணும் கண்டுபிடிக்கலைங்கிறீங்களா? எல்லாத்தையும் தொழிலாளிதான் செஞ்சான்னா ஏன் 1885க்கு முன்னாடி செய்யல?" நியாயமான கேள்வி, இடதுசாரித் தோழர்கள் இதைச் சுலபமாகத் தாண்டிப் போகிறார்கள். பென்ஸ் செய்தது பெரிய காரியம். ஓட்டோவின் எஞ்சின் ஆலைத் தரையில் நிலையாக நின்றது. அதை இலேசாக்கி, வேகமாக்கி, மின் பற்றவைப்பு, குளிர்விப்பு, திசை திருப்பும் அமைப்பு எல்லாவற்றையும் ஒரே முழுமையாக யோசித்தவர் அவர். ஏற்கனவே இருந்த குதிரை வண்டியில் எஞ்சினைப் பொருத்திய டைம்லரின் வழியிலிருந்து அது வேறுபட்டது. இந்த ஒருங்கிணைப்பு ஒரு வேலை, கடினமான வேலை. அதை மறுத்தால் நாம் சொல்கிற எதற்கும் மதிப்பிருக்காது. நான் கேட்பது, அந்த வேலையும் பௌஷ்லாட்டில் தோல் அடித்த வேலையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று எழுத முடியுமா என்பதுதான். அளவு வேறு, இனம் ஒன்று. இரண்டிலும் ஒருவர் பொருளோடு மல்லுக்கட்டி, பொருள் சொல்வதைக் கேட்டு, முடிவெடுக்கிறார்.

2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அப்படி ஒரு தொட்டியில் எவ்வளவு கொள்ளும், சுவர் எப்போது 'பேசும்' என்று அதன் பக்கத்திலேயே படுத்து எழுகிறவனுக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்டு எழுதிக்கொள்ள எந்த அலுவலகத்திலும் ஒரு நோட்டு இல்லை. கையின் அறிவை அறிவாக எண்ணாத ஒரு சமூகம் அதன் எச்சரிக்கையையும் எச்சரிக்கையாக எண்ணுவதில்லை. கண்டுபிடிப்பாளர் கதையாடலை நான் ஒரு இலக்கிய விவகாரமாக மட்டும் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

இப்போது மோட்டார் வாகனமே இந்த வட்டாரத்துக்கு நேராக வந்துவிட்டது. 2021 நவம்பரில் இராணிப்பேட்டையில் ஆம்பியர் மின் ஸ்கூட்டர் ஆலை. 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு அடிக்கல், முதலீடு ஒன்பதாயிரம் கோடி என்று அறிவிப்பு. அதே டிசம்பரில் அதே பனப்பாக்கத்தில் தோல் அல்லாத காலணி ஆலை ஒன்றுக்கும் அடிக்கல். ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் தோலில்லாத ஷூ. சொகுசுக் கார்களிலும் தோலில்லாத இருக்கை நாகரிகமாகிக்கொண்டிருக்கிறது. மிருக நேயமும் சுற்றுச்சூழலும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன, அவற்றை நான் கேலி செய்யவில்லை. பாலாற்றங்கரையில் வாழ்கிறவர்கள் அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் தோலைத் தொட்ட கையிலிருந்து அடுத்த வேலைக்கு எது கொண்டுபோகப்படுகிறது? ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் பெண்கள், வளைவில் தோல் எவ்வளவு இழுபடும், தையல் எங்கே விட்டுப்போகும் என்று விரலால் சொல்வார்கள். கார் இருக்கை உறை தைப்பதும் அதே விரல் வேலை. ஆள் எடுப்பு விளம்பரங்கள் ஐ.டி.ஐ., டிப்ளமா என்று கேட்கின்றன. பதினைந்து வருஷம் அப்பர் தைத்த பெண்ணிடம் காட்டுவதற்கு ஒரு சான்றிதழும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் 'தையல்' என்று எழுதினால் வாங்குகிறவர் அதை டெய்லர் கடை என்று படிக்கிறார்.

பேரணாம்பட்டில் சில பெண்கள் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டபோது நாங்கள் உட்கார்ந்து, அவர்கள் செய்கிற வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினோம். தடிமன் பார்த்துப் பிரிப்பது, ஓரம் சீவுவது, மடிப்பது, ஒட்டுவது, இரட்டைத் தையல், இழுவை பார்ப்பது என்று ஒரு பக்கம் முழுக்க வந்தது. படிவத்தில் இருந்த கட்டம் ஒரு வரிதான்.